பாடி ஒரு கெட்ட வார்த்தை

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அலுவலகத்தில் புது ஏற்பாடு ஒன்று வரப்போகிறதாம். அங்கே இப்போது என் நாற்காலியில் இருப்பவர் போன வாரம் போன் செய்தார். "சார், இனிமே உங்களை மாதிரி ஒருத்தர் உட்கார்ந்து மண்டையை உடைச்சுக்க வேண்டாம். தேவையில்லாத மெசேஜை எல்லாம் அதுவே கண்டுபிடிச்சுத் தள்ளிடும்" என்றார். சொல்லிவிட்டு, ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை ஜாலியாக எழுதித் தரச் சொன்னார். "நீங்க இருந்தா ஆபீஸே சிரிச்சுட்டிருக்கும், அது மாதிரி எழுதுங்க சார்."

எழுதுகிறேன். ஆனால் ஜாலியாக வருமா தெரியவில்லை. 'தேவையில்லாதது' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தால் என் மூக்கு சிவக்கும். என் நிறத்துக்கு அது யாருக்கும் தெரியாது என்பதால் ஆயுள் முழுக்க நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

முதலில் வேலையைப் பற்றி. பாலிடெக்னிக் முடித்துப் பட்டறையில் டெஸ்பாட்ச் கிளார்க், பிறகு டைப்பிங், பிறகு கம்ப்யூட்டர் என்று படிப்படியாக முன்னேறி, நாற்பது வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்தில் வந்து உட்கார்ந்தேன். முன்னேறினேன் என்பது என் கணக்கு. என் மனைவியின் கணக்குப்படி ஒவ்வொரு இடத்திலும் நாற்காலி மட்டும்தான் மாறியது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனிக்காக அந்த நிறுவனம் புகார்களை வாங்கிக்கொடுத்தது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று சுற்றுவட்டாரத்தில் எந்த ஃப்ளாட்டில் லிஃப்ட் நின்றாலும் ஒரே எண்ணுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். மெசேஜ் வந்ததும் காயத்ரி என்ற பெண்ணும் அவளோடு இன்னும் மூன்று பெண்களும் படித்து, அந்த வட்டார மெக்கானிக்குக்கு அனுப்புவார்கள். அனுப்பியவருக்கு, 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு புகார் எண்ணோடு தானாகப் பதில் போகும். அந்த எண் இருந்தால்தான் புகார். எண் இல்லையென்றால் நீங்கள் மெசேஜே அனுப்பவில்லை என்று அர்த்தம்.

இதில் என் வேலை வாசலில் நிற்பது. அந்தப் பெண்களிடம் போய்ச் சேரும் முன் ஒவ்வொரு மெசேஜும் நான் எழுதிய பேட்டர்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று அதற்குப் பெரிய பெயர். பார்த்தால், கீபோர்டில் பூனை நடந்துபோன மாதிரி இருக்கும். புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி, அடைப்புக்குறி. ஆனால் ஒவ்வொரு குறிக்கும் பொருள் உண்டு. இந்த எழுத்துகள் இந்த வரிசையில் வந்தால் பிடி, இது வந்து கூடவே அது இல்லையென்றால் மட்டும் பிடி என்றெல்லாம் எழுதலாம். மீன் வலை மாதிரிதான். எந்த மீன் வேண்டும் என்பதைவிட எந்த மீன் வேண்டாம் என்பதற்குத்தான் கண்ணியின் அளவு முக்கியம்.

என் முதல் வெற்றி 'குட் மார்னிங்'. புகார் அனுப்பும் போன் எண்ணைக் கையில் வைத்திருந்த ஃப்ளாட் செக்ரட்டரிகளில் பாதிப் பேர் தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு அதற்குக் குட் மார்னிங் அனுப்புவார்கள். நான் 'குட் மார்னிங்' என்று வந்தால் தள்ளு என்று எழுதினேன். மறுநாளே ஒருவர் போனில் கத்தினார். "குட் மார்னிங் சார், லிஃப்ட் ஓடவில்லை" என்று அவர் மரியாதையாக அனுப்பிய புகார் போய்ச் சேரவில்லை. மரியாதை தெரிந்தவரை மட்டும் பொறுக்கித் தள்ளியிருந்தது என் பேட்டர்ன். அப்புறம் திருத்தினேன். குட் மார்னிங் வந்தால் தள்ளு, அதே மெசேஜில் எங்கேயாவது 'லிஃப்ட்' என்று இருந்தால் மட்டும் தள்ளாதே. ஒரு வரிக்குள் ஒரு விலக்கு. அன்றைக்கு எனக்கு நானே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். டீ ஷர்ட் போட்டிருந்ததால் காலர் கிடைக்கவில்லை.

என் மேலாளர் பெயர் ரகுநாதன். நல்ல உடுப்பு, நல்ல வாசனை, அதட்டிப் பேசியதே கிடையாது. அதட்டுவது என்ன, அவர் பேசுவதே காதில் விழாது. அவ்வளவு மெல்லப் பேசுவார். அவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். எதிரில் நிற்பவன் இடுப்பை வளைத்து, தலையைச் சாய்த்து, அவர் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தால் ஆபீஸே அவர் முன்னால் கும்பிட்டு நிற்பது போலத் தெரியும். முதுகுவலிக்கு நான் பார்த்த டாக்டர், கம்ப்யூட்டர் வேலையால் வந்தது என்றார். அவருக்கு ரகுநாதனைத் தெரியாது.

இன்னொரு குணமும் உண்டு. வேலை சரியாக நடந்தால் 'நான்' என்பார். தகராறு வந்தால் 'நாம' என்பார். தகராறு முற்றினால் 'நீங்க'.

ஒரு நாள் காயத்ரி என் மேஜைக்கு வந்தாள். முகம் சரியில்லை. எவனோ ஒருவன் புகார் வாங்கும் போன் எண்ணுக்குத் தொடர்ந்து அசிங்கமாக அனுப்பிக்கொண்டிருந்தான். மெசேஜைப் படிப்பது பெண்கள் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஒரு எண்ணைத் தடுத்தால் இன்னொரு எண்ணிலிருந்து வருவான்.

"படிக்காம தள்ள முடியாது சார். தள்ளணும்னா படிக்கணும்" என்றாள். "காலைல வந்து உட்கார்ந்ததும் முதல்ல அவன் எழுதினதுதான் கண்ணுல படுது. வீட்டுக்குப் போய் சோறு எறங்கல."

அவள் காட்டியதைப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. பாடி. உன் பாடி இப்படி, உன் பாடி அப்படி. பெண்கள் உள்ளே போட்டுக்கொள்ளும் துணிக்கும் நம் ஊரில் அதே சொல்தானே, அதையும் விட்டுவைக்கவில்லை.

ரகுநாதனிடம் போனேன். குனிந்தேன். "அந்த வார்த்தையைத் தள்ளிடுங்க" என்றார்.

"தள்ளிடலாம் சார். குட் மார்னிங்குக்கு வச்ச மாதிரி ஒரு விலக்கு வைக்கிறேன். லிஃப்ட்னு இருந்தா..."

"அவனும் லிஃப்ட்னு எழுதறானே. லிஃப்ட்ல தனியா வர்றியானு. பார்த்தீங்கதானே?"

பார்த்திருந்தேன்.

"விலக்கெல்லாம் வேண்டாம். சிம்பிளா வைங்க. அவனுக்குப் பதிலும் போகக்கூடாது, போனா உற்சாகமாயிடுவான்."

"தள்ளுறதை ஒரு ஃபோல்டர்ல சேர்க்கிறேன் சார். வாரத்துக்கு ஒரு தடவை யாராவது பார்த்துட்டா நல்லது."

அவர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. "குப்பையை யாராவது தினமும் கிளறுவாங்களா மூர்த்தி?"

நான் ஃபோல்டரை மட்டும் வைத்தேன். 'கழிவு' என்று பெயர் வைத்தேன். யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் நான் ரகுநாதனாக ஆனேன். உடுப்பும் வாசனையும் மட்டும்தான் பாக்கி.

பேட்டர்னை எப்படி எழுதினேன் என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை எழுதும்போது எனக்கு அவ்வளவு பெருமை. 'பாடி' என்று மட்டும் போட்டால் வியாசர்பாடி மாட்டும், வாணியம்பாடி மாட்டும், காட்பாடி மாட்டும். ஊர் ஊராக ஜனங்களைத் தள்ளிவிடக் கூடாதே. சொல்லின் எல்லை என்று ஒரு குறி உண்டு, அதைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மென்பொருள் அதில் தமிழின் கழுத்தை அறுத்தது. கொம்பு, கால், கொக்கி இவற்றையெல்லாம் அது எழுத்தாகவே மதிக்கவில்லை. 'டி'யின் மேல் இருக்கும் கொக்கியோடு சொல் முடிகிறது என்று அதற்குப் புரியவில்லை. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் நானே எல்லை கட்டினேன். முன்னால் ஓர் இடைவெளி அல்லது வரியின் தொடக்கம். பின்னால் ஓர் இடைவெளி, காற்புள்ளி, அல்லது வரியின் முடிவு. நடுவில் தனித்து நிற்கும் 'பாடி'. சோதித்தேன். அசிங்கம் எல்லாம் மாட்டியது. வியாசர்பாடி தப்பியது, வாணியம்பாடி தப்பியது, காட்பாடி தப்பியது. காயத்ரி மேஜைக்கு வந்து, "தேங்க்ஸ் சார், இன்னிக்குதான் ஒழுங்கா சாப்பிட்டேன்" என்றாள். அந்த நன்றி பொய்யில்லை. இன்றைக்கும் அதை நான் திருப்பிக்கொடுக்கத் தயாரில்லை.

வாசகருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆபீஸிலிருந்து நான்கு கிலோமீட்டர் கூட இல்லாத ஓர் ஊர், மேம்பாலம் கட்டி, பஸ் பலகையில் எழுதி, கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கத்தும் ஊர், பாடி. வாணியம்பாடியைக் காப்பாற்றியவன் பாடியைக் குப்பையில் போட்டேன்.

உடனே ஏன் தெரியவில்லை என்றால், அதிலும் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. ஃப்ளாட்டில் குடியிருக்கிறவர்கள் இங்கிலீஷ் எழுத்தில் அனுப்புவார்கள். ஊர் பெயரும் இங்கிலீஷில் இருக்கும். அவை ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. தமிழ் எழுத்தில் வருவது, போனைப் பார்த்துப் பேசி அதையே எழுதவைக்கிறவர்களிடமிருந்து. அதாவது வாட்ச்மேன், தண்ணீர் மோட்டார் போடுகிறவர், படிக்கட்டு பெருக்குகிறவர். என் பேட்டர்ன் பாடி ஊரையே தள்ளவில்லை. பாடியில் தமிழில் பேசுகிறவர்களை மட்டும் எடுத்துத் தள்ளியது.

பாடியிலிருந்து புகார் குறைந்தது. குறைந்ததும் ரகுநாதன் என்ன செய்தார் தெரியுமா? பாடி வட்டார மெக்கானிக்குகளுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார். கண்ணாடியில் செய்தது. 'குறைகளே குறைந்த வட்டாரம்' என்று பொன் எழுத்து. ஹாலில் கூட்டம் போட்டு, வடை காபியோடு விழா. நான் கை தட்டினேன். இரண்டு வடை சாப்பிட்டேன்.

செல்வி எங்கள் ஆபீஸுக்கு வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. பாடியில் மல்லிகை ஃப்ளாட்ஸ் என்ற நான்கு மாடிக் கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவர். நாற்பதைத் தாண்டிய வயது. இடுப்பில் செருகிய புடவை, கையில் கீறல் விழுந்த போன். ரிசப்ஷனில் யாரோ அவரை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

"சார், நான் அனுப்ச்ச கம்ப்ளெய்ண்டுக்கு நம்பர் ஓணும்" என்றார்.

விஷயம் இதுதான். அந்தக் கட்டடத்து லிஃப்ட் சில நாட்களாகத் தளத்துக்குச் சரியாக வந்து நிற்காமல் ஒரு சாண் கீழே நின்றிருக்கிறது. லிஃப்ட் புகார் அனுப்புவது செல்வியின் வேலை என்று அசோசியேஷன் செக்ரட்டரி சொல்லிவைத்திருந்தார். செல்வி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் வரவில்லை. இரண்டாம் மாடியில் குடியிருந்த ஓர் அம்மா, கதவு திறந்ததும் காலை எடுத்து வைத்து, தடுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த அம்மாவின் மகன் லிஃப்ட் கம்பெனியைக் கேட்க, கம்பெனி எங்களைக் கேட்க, நாங்கள் பார்த்துவிட்டு, 'மல்லிகை ஃப்ளாட்ஸ், பாடி: புகார் ஏதும் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். எழுதியவன் நான். ரகுநாதன் கையெழுத்து.

அந்தக் கடிதத்தை வைத்து அசோசியேஷன் செல்வியை நிறுத்திவிட்டது. நிறுத்தியதோடு விடாமல், 'பணியாளர் செல்வியின் அலட்சியத்தால் நேர்ந்த விபத்து' என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். அந்தத் தெருவில் இருக்கும் எந்த ஃப்ளாட்டிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. எல்லோரும் போர்டைப் படித்திருந்தார்கள்.

நான் அவருடைய எண்ணைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"உங்க நம்பர்லேர்ந்து ஒண்ணும் வரலையேம்மா."

"இன்னா சார் சொல்ற? பதினோரு தபா அனுப்ச்சிகீறேன். இந்தா பாரு, ரெண்டு டிக்கு வுழுந்துகீது."

"டிக்கு விழுந்தா போனுக்கு வந்துச்சுன்னு அர்த்தம். எங்க சிஸ்டத்துல ஏறணும்ல?"

"அத்த நானா ஏத்தணும்? நான் அனுப்ச்சேன், நீ வாங்கிக்கின. நடுவுல எங்க போச்சு?"

"நடுவுல போக வழியே இல்லம்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றனா?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ஊட்டுக்காரு குட்ச்சிட்டு வந்து அட்ச்சப்ப கூட நான் அயுவல சார்" என்றார். "அந்த போர்டுல எம் பேர பாத்துட்டு அயுதேன். பொறுக்கினு எயுதிருந்தா கூட போவுதுன்னு வுட்ருப்பேன். அலட்சியம்னு எயுதிக்கிறானுங்க. டெய்லி நாலு மாடி ரெண்டு தபா பெருக்கறேன்."

கிளம்பினார். நான் நல்ல மனுஷன் என்பதால் லிஃப்ட் வரை கூடப் போய் பொத்தானை அமுக்கிவிட்டேன். அவர் படியில் இறங்கிப் போனார்.

நான்கு மணிக்கு டீ குடிக்கக் கீழே போனேன். எஸ்டேட் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர் எப்போதும்போல ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக என் ஜன்னலுக்குக் கீழே கேட்கும் குரல்தான்.

"பாடி, பாடி, பாடி. வா அண்ணாத்தே, குந்து. பாடிக்கு இன்னும் ஒரே ஒரு பாடி ஏறுனா வண்டி கெளம்பிடும்."

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். டீ என் கையில் இருந்தது. என் ஜோக்குகளைவிட நல்ல ஜோக் என்று ஒரு கணம் பொறாமைகூடப் பட்டேன். அப்புறம்தான் அது என் தலையில் இறங்கியது. அங்கேயே, டீக்கடை பெஞ்சில், மூக்கு சிவக்க உட்கார்ந்தேன்.

மேலே ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயதுக்கு ஓட்டம். 'கழிவு' ஃபோல்டரைத் திறந்தேன். அந்த அசிங்கம் பிடித்தவனுடையது நாலைந்து இருந்தது. அவன் எப்போதோ அலுத்துப்போய் விட்டிருந்தான். மீதி பக்கம் பக்கமாகப் பாடி. வாட்ச்மேன்கள், மோட்டார் போடுகிறவர்கள், யாரோ ஒரு கூரியர்காரர். செல்வியுடையது பதினொன்று.

"வணக்கம் சார் பாடி மல்லிகை ஃப்ளாட்ஸ்லேர்ந்து செல்வி பேசறேன் லிஃப்ட் ஒரு ஜாண் கீழ நிக்கிது வந்து பாருங்க."

பதினொன்றும் அப்படித்தான் ஆரம்பித்தன. வணக்கம், ஊர், கட்டடம், பெயர், பிறகு குறை. எங்கள் கம்பெனி கொடுத்த காகிதத்தில் எப்படிச் சொல்லச் சொல்லியிருந்ததோ அதே வரிசை. ஒரே ஒரு தடவை அவர் ஊரைச் சொல்ல மறந்திருந்தால் அது உள்ளே வந்திருக்கும். ஒழுங்காகச் சொன்னதுதான் தப்பு. எட்டாவது மெசேஜில், "யாருனா வயசானவங்க வுழுந்துடப் போறாங்க சார்" என்று இருந்தது. அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் அந்த அம்மா விழுந்திருக்கிறார்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு ரகுநாதனிடம் போனேன். குனியவில்லை. நின்றபடியே சொன்னேன். அவர் படித்தார். அவர் உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை.

"என்ன சார்?"

"இதை நாம பெருசாக்க வேண்டாம்" என்றார், கொஞ்சம் சத்தமாக. "அந்த வார்த்தையை எடுத்துடுங்க. இனிமே வர்றது வரட்டும். பழையதை அழிச்சுடுங்க."

"புகார் வரலைன்னு லெட்டர் கொடுத்திருக்கோம் சார். அந்தம்மாவை நிறுத்திட்டாங்க. நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க."

"அது அவங்க அசோசியேஷன் விஷயம். நம்ம விஷயம் இல்ல."

"நம்ம லெட்டரால ஒட்டினது சார்."

அவர் காகிதத்தை மடித்தார். "பேட்டர்ன் எழுதினது யாரு மூர்த்தி? நீங்க. இது வெளிய போனா யாருக்குக் கஷ்டம்? உங்களுக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு எட்டு மாசம் இருக்கு. யோசிங்க."

என் மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல். மீதிப் பாதி, அவர் சொன்னது உண்மை என்பதால் என் மேல். சிம்பிளா வைங்க என்றது அவர். சிம்பிளாக வைத்தது என் விரல். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தேன் என்று சொல்லக்கூட முடியாது, பெருமைக்காகச் செய்தேன்.

இந்தக் கதையில் அடுத்த திங்கட்கிழமை எனக்கு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது முக்கியமில்லை. ரகுநாதன் முதல் தடவையாகக் கத்தினார். எட்டு மாதம் இருக்கும்போதே என்னை அனுப்பிவிட்டார்கள். பிரிவுபசாரம் கிடையாது, மாலை கிடையாது, வடைகூடக் கிடையாது. ஓய்வு பெற்றவர் என்று இப்போது மலரில் போடுகிறார்களே, அந்த ஓய்வு இதுதான்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை மல்லிகை ஃப்ளாட்ஸின் அசோசியேஷன் கூட்டம். செல்வியின் நம்பருக்குப் போன் செய்து வரச் சொன்னேன். "எதுக்கு, இன்னொரு தபா பொய்னு சொல்லவா?" என்றார். ஆனாலும் வந்தார். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி தூணோரமாக நின்றார். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அதற்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டு. அவர் பெயர் தடித்த எழுத்தில்.

செக்ரட்டரி, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிற ஒரு ஐடி மனிதர். நான் யார் என்று சொன்னதும், "நீங்கதானே சார் புகார் வரலைன்னு லெட்டர் கொடுத்தீங்க" என்றார்.

"ஆமாங்க. அது சம்பந்தமாத்தான் வந்தேன்."

"லெட்டர் இருக்கு. புகார் எண் இல்ல. எங்களுக்கு டாக்குமெண்ட்தான் சார் முக்கியம். இந்தம்மா போன்ல என்ன வேணா காட்டலாம்."

என் மடிக்கணினியை ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து ஆபீஸ் சிஸ்டத்தோடு இணைத்தேன். விளக்கிச் சொல்லலாம் என்றுதான் வந்தேன். வலை, கண்ணி, இடைவெளி, காற்புள்ளி என்று நல்ல பேச்சு ஒன்றை பஸ்ஸில் தயார் செய்திருந்தேன், நடுவில் சிரிப்புக்குக்கூட இடம் விட்டிருந்தேன். அந்த இருபது முகங்களைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. பேட்டர்னைத் திறந்தேன். அந்த ஒரு சொல்லை அழித்தேன். 'கழிவு' ஃபோல்டரில் இருந்த மொத்தத்தையும் மறுபடி வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, உள்ளே போங்கள் என்று ஒரு பொத்தானை அமுக்கினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஆபீஸில் நெட் மெதுவாகத்தான் இருக்கும். செக்ரட்டரி வாட்சைப் பார்த்தார்.

செல்வியின் கையில் போன் 'டிங்' என்றது. பிறகு இன்னொரு டிங். பிறகு விட்டு விட்டு, மழைத் தண்ணீர் தகரத்தில் சொட்டுவது மாதிரி. யாரோ ஒருவர் உதட்டசைவில் எண்ணினார். பதினொன்றில் நின்றது. பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன், சுவருக்கு அந்தப் பக்கம் தன் போனை எடுத்துப் பார்த்து, "இன்னாடா இது, போன வருசம் அனுப்ச்சதுக்கு இப்ப வருது" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. அந்தக் காலையில் பாடி முழுக்க எத்தனை போன் அப்படி அடித்ததோ தெரியாது.

செல்வி கண்ணுக்குப் பக்கத்தில் போனை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. நாப்பத்தெட்டு மணி நேரத்துல எங்கள் பணியாளர் வருவார்." நிமிர்ந்து செக்ரட்டரியைப் பார்த்தார். "வருவாராம் சார். லிப்டாண்ட போயி நில்லு."

பின்வரிசையில் ஒருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். செக்ரட்டரி போனை வாங்கிப் பார்த்தார். பதிலில் இருந்த புகார் எண்களையும் அதற்கு மேலே செல்வி அனுப்பியிருந்ததையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எட்டாவதில் கொஞ்சம் நின்றார். "சரி" என்றார். "சரிம்மா. நோட்டீஸை எடுத்துடலாம். நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடுங்க."

"இரு சார். எடுக்கறது அப்பால." செல்வி என் பக்கம் திரும்பினார். "நீதான அன்னிக்கு வரலன்னு சொன்னவன்?"

"நான்தாம்மா."

"இப்ப சொல்லு. இவங்க முன்னால."

"வந்துச்சு" என்றேன்.

"கேக்கல."

"வந்துச்சு. பதினொண்ணும் வந்துச்சு."

"அப்பால?"

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் வாயில் ஒரு ஜோக் வந்து நிற்கும் எனக்கு. அன்றைக்கும் வந்தது. முழுங்கினேன்.

"நான்தான் உள்ள விடல" என்றேன்.

அவர் தலையாட்டினார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு போர்டைக் காட்டினார்.

"இப்ப அந்த நோட்டீச கியி சார்."

செக்ரட்டரி எழுந்து போர்டின் சாவியைத் தேடினார்.